அன்பும் கருவியும்: புற்றுநோயாளர் பணியில் தாதியர்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, பல்கலைக்கழக மாணவன் என்ற முறையிலே விஞ்ஞானத்தின் புதுமைகள் பற்றி ஏதேனும் சொல்லலாமே என்றார். விண்வெளியைப் பற்றிப் பேசலாம். அணுவைப் பற்றிப் பேசலாம். மனிதனைப் போலவே விடை சொல்லும் கணினியைப் பற்றியும் பேசலாம். ஆயினும் விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் என் நெஞ்சிலே தோன்றுவது ஒரு சிறிய வெப்பமானியும், அதைப் பற்றித் தொலைபேசியிலே விசாரித்த ஒரு தாதியின் குரலுமே. எனவே புற்றுநோயாளருக்குத் தாதியர் ஆற்றும் பணியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். சபையிலே சொல்லத் தகாத நோய் அது என்று யாரேனும் எண்ணினால் என்னைப் பொறுத்தருள வேண்டும். சொல்லத் தகாதது என்று நாம் எண்ணியதனாலேயே எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது.

நான் மிஷன் பாடசாலையிலே கற்றவன். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் கதையை அங்கே படித்தோம். கையிலே விளக்குடன் இரவிலே நோயாளரைச் சுற்றிவந்த பெண்மணி என்றே அவரை நாங்கள் அறிந்திருந்தோம். அவர் கணக்கிலே வல்லவர் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1854 இல் ஸ்கூற்றாரிப் போர் வைத்தியசாலைக்குச் சென்ற அவர், போர்வீரரிற் பெரும்பாலோர் காயத்தினால் மடியவில்லை, தடுக்கக்கூடிய தொற்றுநோய்களாலேயே மடிந்தனர் என்பதைப் பின்னர் எண்களாலும் வட்டப் படங்களாலும் வரைந்து காட்டி, ஆட்சியாளரின் கண்களைத் திறந்தார். விளக்கைப் பிடித்த அதே கைதான் புள்ளிவிபரத்தையும் எழுதியது.

பாடசாலையிலே நான் இதைக் கற்க, வீட்டிலே எனது பாட்டனார் திருக்குறள் கற்பித்தார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தியத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்கிறார் வள்ளுவர். நோயுற்றவன் ஒன்று, தீர்க்கும் வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, நான்காவதாக உழைச்செல்வான், அதாவது நோயாளியின் அருகிலே நின்று மருந்தைப் பிழையின்றி அளிப்பவன். வைத்தியனோடும் மருந்தோடும் ஒரே வரிசையிலே தாதியையும் வைத்து எண்ணிய நூல் நம்முடையது. இந்நான்காமவருக்கு வேண்டிய குணங்கள் எவை? அறிவு, கைத்திறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்று சரக சங்கிதை என்னும் பழைய வைத்திய நூல் நான்கினைச் சொல்கின்றது. பரிமேலழகரும் தமது உரையில் அன்புடைமையையும் அறிவுடைமையையும் சேர்த்தே எண்ணுகின்றார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயன்படாது என்பதே எனது பேச்சின் பொருள். இதை நான் நூலிலே படித்து விளங்கிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலே கண்டு விளங்கிக்கொண்டேன்.

எனது தாயாரின் தங்கை, எங்கள் சின்னம்மா, சில ஆண்டுகளுக்கு முன் மார்பிலே புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றார். நோய் இன்னதென்று வைத்தியர் கூறிய அன்றே குடும்பத்தார் கூடி ஒரு முடிவு செய்தோம். சின்னம்மாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வெறும் கட்டி என்றே சொல்வது. அன்பினால் செய்த முடிவு அது. வாட்டிலிருந்த தாதியிடமும், "தயவுசெய்து அவவுக்குத் தெரியவேண்டாம்" என்று கேட்டுக்கொண்டோம். அவர் எங்களோடு வாதாடவும் இல்லை, பொய் சொல்வதாக வாக்குத் தரவும் இல்லை. "அம்மா என்னட்டக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன். கேட்காட்டி நானாகச் சொல்லவும் மாட்டன்" என்றார்.

இரண்டாம் முறை மருந்தேற்றச் சென்றபோது சின்னம்மாவின் அருகிலே அமர்ந்து, "அம்மா, இந்த மருந்து எதுக்கெண்டு உங்களுக்கு என்ன சொல்லியிருக்கினம்?" என்று அத்தாதி மெதுவாக வினவினார். சின்னம்மா சிரித்துக்கொண்டே சொன்ன மறுமொழியை நான் மறக்கமாட்டேன். "எனக்கு எல்லாம் தெரியும், மிஸி. தெரியுமெண்டு சொன்னால் இவையள் உடைஞ்சு போவினம். அதுதான் பேசாமலிருக்கிறன்." நாங்கள் அவரிடம் மறைத்தோம், அவர் எங்களிடம் மறைத்தார். ஒரே வீட்டிலே இருபக்கமும் அன்பு நிறைந்திருந்தது. அந்த அன்புக்கு நடுவிலே சின்னம்மா தனியாக இருந்தார்.

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இரசாயன மருந்து, நம்மவர் கீமோ என்று சொல்வது, விரைவாகப் பெருகும் கலங்களைத் தாக்குவது. நோய்க்கலங்கள் விரைவாகப் பெருகுவன. ஆதலால் அவை அழிகின்றன. ஆனால் நமது உடம்பிலேயே விரைவாகப் பெருகும் நல்ல கலங்களும் உண்டு. மயிர்வேர், வாயின் உட்தோல், எலும்பு மச்சையிலே உற்பத்தியாகும் இரத்தக் குழியங்கள் ஆகியனவும் அம்மருந்தினால் அடிபடுகின்றன. கிருமிகளோடு போராடும் வெண்குழியங்கள் பல மருந்துகளின் பின் ஏறக்குறைய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையிலே மிகவும் குறைந்துவிடும். அந்நாட்களிலே சாதாரண கிருமி ஒன்று புகுந்தாலும் தடுப்பாரில்லாத வீட்டிலே திருடன் புகுந்தது போலாகிவிடும். அப்போது உடம்பு காட்டும் அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே. 100.4 பாகை பரனைற்றைக் காய்ச்சல் தொட்டுவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வந்தவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிகொல்லி மருந்து ஏற்றவேண்டும் என்பது இன்றைய வைத்தியத்தின் விதி.

இவையெல்லாவற்றையும் அத்தாதி ஒரு கடதாசியிலே எளிய தமிழில் எழுதித் தந்திருந்தார். காலையும் மாலையும் வெப்பம் பார்க்கச் சொல்லியிருந்தார். அக்கடதாசியையும் வெப்பமானியையும் பல்கலைக்கழக மாணவனாகிய நான் பத்திரமாக அலுமாரியிலே வைத்தேன். வைத்ததோடு எனது கடமை முடிந்ததென எண்ணினேன்.

மூன்றாம் முறை மருந்தேற்றிய பத்தாம் நாள் மாலை சின்னம்மாவுக்குக் குளிர் கண்டது. மழைக்குளிர் என்றார். அம்மம்மா மல்லித்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். நான் போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். அலுமாரியைத் திறக்க எவருக்கும் தோன்றவில்லை. அவ்வேளையிலே தொலைபேசி மணி ஒலித்தது. அடுத்த கிளினிக்குத் திகதி மாறியிருப்பதை அறிவிக்க அத்தாதி அழைத்திருந்தார். திகதியைச் சொன்னவர், இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"அம்மா, உங்கட குரல் சரியில்லை. காய்ச்சல் பாத்தனீங்களோ?"

"ஒண்டுமில்லை மிஸி, லேசான குளிர்."

"பனடோல் ஏதும் குடிச்சனீங்களோ?"

சின்னம்மா சிறிது தயங்கி, காலையிலே இரண்டு வில்லைகள் குடித்ததாக ஒப்புக்கொண்டார். எங்களுக்கு அது புதுச் செய்தி. காலையிலேயே காய்ச்சல் தொடங்கியிருக்கின்றது. எங்களைக் கலக்கக்கூடாதென்று யாருக்கும் சொல்லாமல் மருந்து குடித்து அதை அடக்கியிருக்கின்றார். பனடோல் காய்ச்சலை மறைக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. தாதி என்னைத் தொலைபேசிக்கு அழைத்தார். "தம்பி, இப்ப வெப்பமானியை வைச்சு எத்தினை எண்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றார். 101.8 என்றேன். "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. நான் டொக்டருக்குச் சொல்லி வைக்கிறன்" என்றார்.

அன்றிரவு சோதித்தபோது வெண்குழியங்கள் மிகத் தாழ்ந்திருந்தன. ஆறு நாட்கள் வைத்தியசாலையிலே இருந்து சின்னம்மா மீண்டார். மறுநாட் காலைவரை நாங்கள் மல்லித்தண்ணீரோடு காத்திருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வைத்தியர் சொன்னபோது என்னால் அவரது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியோர்களே! எங்கள் வீட்டிலே அன்பு குறைவாக இருந்ததா? இல்லை. கருவி இல்லாமற் போயிற்றா? அதுவும் இல்லை; அலுமாரியிலே இருந்தது. அன்பு ஓரிடத்திலும் கருவி வேறோரிடத்திலுமாக இருந்தன. அத்தாதி ஒருவரிடத்திலேதான் இரண்டும் சேர்ந்திருந்தன. குரலின் வேறுபாட்டைக் கண்டது அன்பு. பனடோல் குடித்தீர்களா என்று கேட்டது அறிவு. அன்பில்லாதவர் திகதியைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பார். அறிவில்லாதவர், "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆறுதல் கூறியிருப்பார்.

இனி, வாட்டுக்குள்ளே நடப்பதைச் சற்று நோக்குவோம். இரசாயன மருந்தின் அளவு ஆளுக்காள் வேறுபடும். பெரும்பாலான மருந்துகளுக்கு நோயாளியின் உயரத்தையும் நிறையையும் கொண்டு உடம்பின் மேற்பரப்பைக் கணித்தே அளவு தீர்மானிக்கப்படும். அளவு கூடினால் மருந்தே நஞ்சாகும். ஆகவே நன்கு நடைபெறும் வைத்தியசாலைகளிலே தாதியர் இருவர் தனித்தனியாக நோயாளியின் பெயரையும், மருந்தையும், அளவையும் ஒப்புநோக்கிய பின்னரே மருந்தை ஏற்றுவர். பல நாடுகளிலே நோயாளியின் கைப்பட்டியிலுள்ள கோட்டுக்குறியையும் மருந்துப் பையிலுள்ள குறியையும் சிறு கருவியொன்று வாசித்து, இரண்டும் பொருந்தாவிடின் எச்சரிக்கும். வின்கிறிஸ்ரின் என்றொரு மருந்துண்டு. இரத்தக் குழாயிலே ஏற்றினால் உயிர் காப்பது. தவறுதலாக முதுகெலும்பினுள்ளே ஏற்றினால் உயிரை மாய்ப்பது. இரண்டு பேர் நின்று சரிபார்க்கும் அந்த அரை நிமிடத்தை வீண்சடங்கு என்று எண்ணுபவர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மருந்து துளித்துளியாக இறங்குவதற்கு இன்று மின்சாரப் பம்பி உண்டு. மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று குறித்துவிட்டால் அது பிசகாமற் செலுத்தும். குழாயிலே காற்று வந்தாலும், அடைப்பு ஏற்பட்டாலும் கூவி அழைக்கும். ஆனால் அதற்கும் தெரியாத ஒன்றுண்டு. சில மருந்துகள் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையை வேகவைத்துப் புண்ணாக்கிவிடும். இக்கசிவைப் பம்பி எப்போதும் கண்டுபிடித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தசைக்குள்ளே மருந்து பரவிக்கொண்டிருக்கும்போதும் பம்பி தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும். முதலிலே அறிபவர் நோயாளி. "கை எரியுது" என்று அவர் சொல்லவேண்டும். சொன்னவுடனே மருந்தை நிறுத்தத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். எரிச்சலைச் சொன்னால் தாதி ஏசுவார் என்று அஞ்சுகின்ற நோயாளி சொல்லமாட்டார். அவ்விடத்திலே தாதியின் கனிந்த முகமே ஒரு பாதுகாப்புக் கருவியாகிவிடுகின்றது. இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை, உள்ளபடியே சொல்கின்றேன்.

கதிர்ச் சிகிச்சையிலும் அவ்வாறே. தடித்த சுவர்களையுடைய அறையிலே, பேரியந்திரத்தின் கீழே, நோயாளி தனியே கிடக்கவேண்டும். சில நிமிடங்களுக்கு வேறெவரும் அங்கே நிற்கலாகாது. இயந்திரத்தை இயக்குபவர்கள் அதற்கென்றே பயின்றவர்கள். வெளியிலிருந்து படக்கருவியினாலே அவர்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பர். வாரத்துக்கு ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் இது தொடரும். தொண்டையிலே கதிர் பட்டவருக்கு வாய் புண்ணாகும், விழுங்க இயலாது, நிறை குறையும். வாயைக் கழுவும் முறையையும், தோலைப் பேணும் முறையையும், உண்ணக்கூடியவற்றையும் கற்பித்து, நிறையை வாரந்தோறும் குறித்து, நோயாளி பாதியிலே சிகிச்சையை விட்டு ஓடாமல் இறுதிவரை கொண்டு செல்பவர் தாதி. கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான இயந்திரத்தின் பயன், உப்புநீராலே வாய் கொப்புளிக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் பொறுமையிலே தங்கியிருக்கின்றது.

இதெல்லாம் உணர்ச்சியாற் சொல்வது என்று என்னோடு விஞ்ஞானம் கற்கும் நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஓர் ஆராய்ச்சியை இங்கே எடுத்துக் காட்டுகின்றேன். நியூயோர்க் நகரத்திலுள்ள மெமோரியல் சுலோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்திலே, 2007 இற்கும் 2011 இற்கும் இடையில், பரவிய புற்றுநோய்க்கு இரசாயன மருந்து பெற்றுவந்த 766 நோயாளர் இவ்வாராய்ச்சியிலே சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் வழக்கம்போல் வைத்தியரைச் சந்திக்கும்போது தமது துன்பங்களைக் கூறினர். மற்றப் பகுதியினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், களைப்பு முதலிய 12 உபாதைகளைக் கணினி மூலம் காலத்துக்குக் காலம் அறிவித்தனர். ஓர் உபாதை கடுமையானாலோ, முன்னையிலும் மோசமானாலோ கணினி உடனே தாதிக்கு மின்னஞ்சல் அனுப்பியது.

முடிவு என்ன? இவ்வாறு அறிவித்தவர்களில் நூற்றுக்கு 34 பேருடைய வாழ்க்கைநிலை ஆறு மாதத்திலே முன்னேறியிருந்தது. மற்றப் பகுதியினரில் நூற்றுக்கு 18 பேருடையதே முன்னேறியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டிய தேவையும் குறைந்தது. 2017 இலே வெளிவந்த இறுதிக் கணக்கு வைத்திய உலகத்தையே வியக்கச் செய்தது. வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் அரைவாசிப் பேர் 26 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். கணினி மூலம் அறிவித்தவர்களிலோ அரைவாசிப் பேர் 31.2 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். புதிய மருந்து எதுவும் இல்லாமலே ஐந்து மாத ஆயுள் கூடியது.

இந்த ஐந்து மாதத்தைக் கணினியா கொடுத்தது? கணினி கடிதத்தை எடுத்துச் செல்லும் தபாற்காரன் மாத்திரமே. எச்சரிக்கை வந்த வேளைகளில் நூற்றுக்கு 77 வேளைகளிலே தாதியர் உடனே ஏதேனும் ஒரு காரியம் செய்தனர் என்று அவ்வாராய்ச்சி கூறுகின்றது. தொலைபேசியில் அழைத்து வழி சொன்னார்கள்; வாந்திக்கு மருந்து ஒழுங்கு செய்தார்கள்; வேண்டியபோது வைத்தியரைக் கொண்டு அளவை மாற்றினார்கள். மற்றுமொன்று இங்கிருக்கும் பெரியோர்களுக்கு மகிழ்ச்சி தரும். கணினியைக் கையாண்டு பழகாத நோயாளரே இம்முறையினாற் கூடுதலான நன்மை பெற்றனர். வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவருக்கு யாரேனும் வழி திறந்துவிட்டால் அவரே அதிகம் பயன் பெறுவார். எங்கள் சின்னம்மாவை நினைத்துக்கொண்டே அந்த எண்களைப் படித்தேன்.

நோய் தீராது என்ற நிலை வந்தபின் தாதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதற்கு விடை கூறியவர் இங்கிலாந்திலே 1918 இற் பிறந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். நைற்றிங்கேல் அம்மையார் நிறுவிய இலண்டன் தாதியர் பாடசாலையிலே உலகப்போர்க் காலத்தில் பயின்று தாதியானார். முதுகு நோயினாலே அத்தொழிலைத் தொடரமுடியாமல், வைத்தியசாலையின் சமூகப் பணியாளரானார். 1948 இலே டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு அகதி புற்றுநோயால் இறக்கும் தறுவாயிலிருந்தார். உற்றார் உறவினர் அருகிலில்லாத அவரோடு அம்மையார் பலமுறை உரையாடினார். இறக்கும் மனிதருக்கு மருந்தோடு தோழமையும் வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி ஓர் இல்லத்தைக் கற்பனை செய்தனர். அவ்வில்லத்திலே தாம் ஒரு யன்னலாக இருப்பதாகக் கூறி 500 பவுணை அவரிடம் விட்டு டாஸ்மா மறைந்தார்.

அம்மையார் பின்னர் மாலை நேரங்களிலே இறக்குந் தறுவாயிலுள்ளோருக்கான மனை ஒன்றிலே தொண்டராகத் தாதிப்பணி செய்தார். அங்கே வலி வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை வலிமருந்து கொடுக்கும் வழக்கம் இருந்ததைக் கவனித்தார். மற்ற வைத்தியசாலைகளிலே நோயாளி வலியால் துடித்துக் கேட்ட பின்னரே மோர்பீன் கொடுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை உலகம் ஏற்கவேண்டுமானால் வைத்தியராக வேண்டும் என்று கண்டு, முப்பது வயதுக்குமேல் மருத்துவம் கற்று, 1957 இலே வைத்தியரானார். ஆராய்ந்து நிறுவினார். 1967 இலே சென். கிறிஸ்தோபர் இல்லம் இலண்டனிலே திறக்கப்பட்டது. டாஸ்மாவின் யன்னலும் அங்கே உண்டு. உடம்பின் வலியோடு மனத்தின் வலியும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கமும் ஒன்றாய்க் கலந்தே நோயாளியை வருத்துகின்றன என்று அவர் போதித்தார். 1970களின் இறுதியிலே, மின்கலத்தால் இயங்கி, 24 மணித்தியாலமும் தோலின் கீழே வலிமருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிறு கருவி இங்கிலாந்திலே இப்பணிக்குப் பயன்படத் தொடங்கியது. விழுங்க முடியாதவரும் வலியின்றித் தமது வீட்டுக் கட்டிலிலே படுத்திருக்க அது உதவியது. கருவியைத் தினமும் நிரப்பச் செல்லும் தாதி வீட்டார் நலத்தையும் விசாரித்து வருவார். அன்பு ஒரு கருவியைத் தேடிக் கண்டுகொண்ட வரலாறு இது.

நமது நாட்டுக்கு வருவோம். 1847 இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தியதோடு மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலும் ஆக்கித் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நோயாளியின் மொழியும் வைத்தியத்தின் ஒரு கூறு என்பதை அவர் அறிந்திருந்தார். நெடுங்காலமாக வடபகுதி நோயாளர் கதிர்ச் சிகிச்சைக்காக மகரகமை வரை சென்று, பழகாத ஊரிலே வாரக்கணக்காகத் தங்கவேண்டியிருந்தது. 2011 இலே தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரம் 27 நாட்கள் நடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பொருள் திரட்டித் தெல்லிப்பழையிலே புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கட்டடம் எழ உதவினார்கள். கட்டடம் எழுவது பெரிய காரியம். அதற்குள்ளே நோயாளியின் சொல்லை அவரது சொந்த மொழியிலே கேட்டு விளங்கிக்கொள்ளும் தாதியர் போதியளவு இருப்பது அதனிலும் பெரிய காரியம்.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கருவி தாதியின் கண்ணை நோயாளியிடமிருந்து பறித்துவிடவும் கூடும். திரையையும் படிவத்தையும் நிரப்புவதிலேயே பொழுது கழிந்தால், கட்டிலிலே கிடப்பவரின் முகத்தைப் பார்ப்பது யார்? நாற்பது நோயாளருக்கு இருவராய் நின்று ஓடுபவரிடம் கனிவை மாத்திரம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. தாதிக்கு நேரத்தை மீட்டுக்கொடுக்கும் கருவியே நல்ல கருவி. அந்நேரத்தை நோயாளிக்குக் கொடுக்கத் தெரிந்தவரே நல்ல தாதி.

வாலிப நண்பர்களே! நம்மிலே எத்தனை பேர் தாதித்தொழிலை விருப்பத்தோடு தேர்ந்துகொள்வோம்? வைத்தியராக வரமுடியாதவருக்கு உரியது என்றும், பெண்களுக்கு மாத்திரம் உரியது என்றும், கலியாணச் சந்தையிலே மதிப்புக் குறைந்தது என்றும் நமது ஊரிலே இன்னும் கதைக்கின்றார்கள். நானும் அவ்வாறு எண்ணியவனே. 101.8 என்று தொலைபேசியிலே வாசித்த அந்த இரவோடு அவ்வெண்ணம் என்னைவிட்டு நீங்கிற்று. பெரியோர்களே! உங்கள் மகளோ மகனோ தாதியாகப் போகின்றேன் என்றால், தயவுசெய்து முகத்தைச் சுளியாதீர்கள்.

இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஆண்டுக்கொருமுறை தாதி ஒருவரை இங்கே அழைத்து, புற்றுநோயைப் பற்றி அதன் பெயரைச் சொல்லியே பேச வைப்போம். இரண்டாவது, சிகிச்சை பெறும் வீடுகளுக்கு வெப்பமானியும், எப்போது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்ற குறிப்பும் சங்கத்தின் செலவிலே கொடுப்போம். அவை அலுமாரியிலே உறங்காமல் இருக்க, வாரத்துக்கு ஒருமுறை சென்று விசாரிப்போம். மூன்றாவது, இரவிலே அவசரம் நேர்ந்தால் வாகனம் கொண்டுவரக்கூடிய வாலிபர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரிப்போம். அப்பட்டியலிலே முதலாவதாக எனது பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

சின்னம்மா அக்காய்ச்சலின் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு வாழ்ந்தார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் எங்கள் வீட்டிலே எவரும் எதையும் மறைக்கவில்லை. வலித்தால் வலிக்கிறது என்றார். பயந்தால் பயமாயிருக்கிறது என்றார். நாங்களும் அவ்வாறே சொன்னோம். மூத்த மகளின் பரீட்சைப் பெறுபேற்றைத் தம் கையாலேயே வாங்கிப் பார்த்தார். இறுதியிலே தமது சொந்தக் கட்டிலிலே, வலியின்றி, எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டுக் கண்மூடினார். அந்த நாட்களை எங்களுக்குத் தந்தவர்களில் வைத்தியர் உண்டு, மருந்து உண்டு. குரலைக் கேட்டே காய்ச்சலை அறிந்த அந்த நான்காமவரும் உண்டு. அவருக்கு நன்றி கூறும் வாய்ப்பை இம்மேடை எனக்குத் தந்தது.